பன்னிரண்டு படங்களும் ஒரு பதிவேடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் பேசுவோரும் இசை பயின்றோரும் நிறைந்த இச்சபையில், பத்தாம் வகுப்பு மட்டும் தேறிக் கோட்ட அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா ஒருவனைப் பேச அழைத்தமைக்குக் காரணம் ஒன்றுதான். சங்கத்தின் இரும்பு அலமாரியில் உள்ள காமிராவை இன்று இயக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. ஒருவனே என்பது பெருமைக்குரிய செய்தி அன்று, கவலைக்குரிய செய்தி. நாளையே எனக்கு மாற்றல் உத்தரவு வரலாம். கரக்பூரை விட்டு நான் போகும் வண்டியில் இந்த அறிவும் ஏறிப் போய்விடக்கூடாது. ஆகவே நான் அறிந்தவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

அந்தக் காமிராவின் பெயர் யாஷிகா டி. ஜப்பான் நாட்டில் செய்யப்பட்டது. 1958ஆம் ஆண்டில் வெளிவந்த வகையைச் சேர்ந்தது. முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள் இருப்பதால் இதனை இரட்டை லென்ஸ் காமிரா என்பர். 1929இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வெளிவந்த ரோலிபிளெக்ஸ் என்னும் காமிராவே இவ்வகைக்கு வழிகாட்டி. நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் எனப் போற்றப்பெறும் ஹோமாய் வியாரவாலா அவர்கள் தில்லியில் சுதந்திர இந்தியாவின் தொடக்க நாட்களைப் படம் பிடித்தபோது கையாண்ட கருவிகளில் ரோலிபிளெக்ஸும் ஒன்று. அவருக்கு 2011இல் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது.

இரண்டு லென்ஸ் எதற்கு என்று குழந்தைகள் கேட்பதுண்டு. மேலுள்ளது நம் கண்ணுக்கு, கீழுள்ளது பிலிமுக்கு. மேல் லென்ஸ் வழியே புகும் ஒளி, உள்ளே சாய்வாக நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, தேய்த்த கண்ணாடித் தகட்டில் உருவமாக விழுகிறது. நாம் காமிராவை மார்பளவில் பிடித்து, தலை குனிந்து அவ்வுருவத்தைக் காண்கிறோம். இரண்டு லென்ஸ்களும் ஒரே பலகையில் பொருத்தப்பட்டு ஒன்றாகவே முன்னும் பின்னும் நகர்வதால், மேலே தெளிவாகத் தெரிவது கீழேயும் தெளிவாக விழும். தத்துவம் இவ்வளவுதான்.

இனி, பிலிம். இதற்கு வேண்டியது 120 என்னும் எண்ணுள்ள சுருள். 1901இல் கோடக் நிறுவனம் வெளியிட்ட இவ்வளவு, நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்து இன்றும் கிடைக்கிறது. ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் அகலம். முதுகில் கறுப்புக் காகிதம். ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள். ஒவ்வொன்றும் 56 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம். திருமண வீடுகளில் நாம் கண்ட 35 மில்லிமீட்டர் காமிராவின் படம் 36க்கு 24 மில்லிமீட்டர்தான். பரப்பைக் கணக்கிட்டால் நம்முடையது மூன்றரை மடங்குக்கும் மேல். ஸ்டூடியோக்களின் பெரிய தகட்டுக் காமிராவுக்கும் இந்தச் சிறிய காமிராவுக்கும் இடைப்பட்டு நிற்பதால் இதற்கு நடுத்தர அளவுக் காமிரா என்று பெயர்.

நம் உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம் ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம்களைச் செய்துவந்தது. அது மூடப்பட்டுவிட்டது. இன்று இங்கிலாந்து நாட்டு இல்போர்டு, அமெரிக்க நாட்டுக் கோடக் ஆகியவற்றின் சுருள்களை நாம் கொல்கத்தாவிலிருந்து வாங்கி வருகிறோம்.

கைப்பேசியில் கணக்கின்றிப் படம் எடுக்க முடிகின்ற இந்நாளில், பன்னிரண்டோடு நின்றுவிடும் பெட்டி எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைப்பேசி எடுக்கும் படம் மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று கேளுங்கள். 1964 முதல் 1991 வரையில் நம் சங்க ஆண்டு விழாக்களில் எடுத்த குழுப்படங்களின் நெகட்டிவ்கள் அலமாரியில் உறைகளில் உள்ளன. 2007 முதல் 2014 வரையிலான எட்டு விழாக்களுக்கு ஒரு படமும் சங்கத்தின் வசம் இல்லை. அந்த எட்டு ஆண்டுகளிலும் எடுக்கப்பட்ட படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கும். அவை கெட்டுப்போன கைப்பேசிகளிலும், தொலைந்த சிறு அட்டைகளிலும், மாற்றலாகிப் போன குடும்பங்களின் பெட்டிகளிலும் கிடக்கின்றன. எல்லோரும் எடுத்தனர்; எவரும் சங்கத்திற்கென்று வைக்கவில்லை.

வைத்ததனால் விளைந்த பயனையும் சொல்கிறேன். சென்ற ஆவணியில் நம் காலனி அம்மையார் ஒருவர் தம் மகளின் திருமணத்திற்கு முன் என்னிடம் வந்தார். அவர் தந்தையார் வண்டிப் பணிமனையில் தச்சராக இருந்து, இவர் மூன்று வயதுக் குழந்தையாக இருக்கும்போதே காலமானவர். வீட்டில் இருந்த ஒரே படம் அடையாள அட்டையிலிருந்தது, அதுவும் வெளுத்துவிட்டது. 1973ஆம் ஆண்டுக் குழுப்படத்தில் அவர் இருக்கலாம் என்று தேடினோம். நான்கு வரிசைகளில் 61 பேர் நிற்கும் படம். அந்த நெகட்டிவில் ஒரு முகத்தின் உயரம் 2 மில்லிமீட்டரைத் தாண்டாது, கடுகளவு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது எவ்வளவு உண்மை! பெரிதாக்கிப் பார்த்தபோது, மூன்றாம் வரிசையில் நின்ற ஒருவரின் காதிடுக்கில் ஒரு பென்சில் தெரிந்தது. விழா நாளிலும் பென்சிலைக் காதிலிருந்து எடுக்கமாட்டார் என்று அவ்வம்மையாரின் தாயார் சொல்லிக்கொண்டே இருப்பாராம். உறையின் பின்புறத்தில் அன்றைய செயலாளர் வரிசை வரிசையாக எழுதிவைத்த பெயர்களை எண்ணிப் பார்த்தோம். பெயரும் பொருந்தியது. திருமணத்தன்று அந்தப் படம் மாலையிட்டு மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்ததை உங்களில் பலர் கண்டீர்கள்.

அங்கே இரண்டு பேர் வேலை செய்திருக்கிறார்கள். ஒருவர் ஒழுங்காகப் படம் எடுத்தார். மற்றவர் ஒழுங்காகப் பெயர் எழுதினார். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால், தந்தையின் முகம் அந்த அம்மையாருக்குக் கிட்டியிராது. நான் இன்று சொல்ல வந்த கருத்தும் இதுவே.

நிற்க. காமிராவை இயக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது, பிலிம் ஏற்றுதல். நேர் வெயிலில் ஏற்றலாகாது; நிழலில், வெயிலுக்கு முதுகு காட்டி நின்று ஏற்றவேண்டும். முன்பு முடிந்த சுருளின் காலிக் கட்டையை மேல் அறையில் பொருத்துக. புதுச் சுருளைக் கீழ் அறையில் வைத்து, காகித முனையை மேலே இழுத்துக் காலிக் கட்டையின் பிளவில் நுழைக்க. சுருள் தளர்ந்துவிடாதபடி ஒரு விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே குமிழைச் சுற்றினால், காகிதத்தில் அச்சிட்ட அம்புக்குறி வரும். அது காமிராவின் உட்புறத்தில் உள்ள தொடக்கக் குறிக்கு நேரே வந்ததும் நிறுத்தி, முதுகுக் கதவை மூடித் தாழிடவேண்டும். பிறகு குமிழ் தானாக நிற்கும் வரை சுற்றினால் எண் 1 தோன்றும். சுருள் தளர்ந்தால் ஓரங்களில் ஒளி புகுந்து படம் புகைந்துவிடும்.

இரண்டாவது, ஒளியை அளத்தல். நம் காமிராவில் ஒளிமானி இல்லை. அதனால் குறையும் இல்லை. வானமே நமக்கு ஒளிமானி. பிலிம் பெட்டியின்மீது அதன் வேக எண் அச்சிடப்பட்டிருக்கும். நிழல் கூர்மையாக விழும் நல்ல வெயிலில், துவார எண்ணை 16இல் வைத்து, ஷட்டர் வேகத்தைப் பிலிமின் வேக எண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்தால் போதும். 125 வேகப் பிலிமுக்கு ஒரு விநாடியில் 125இல் ஒரு பங்கு. 400 வேகப் பிலிமுக்கு 500இல் ஒரு பங்கு. மங்கிய வெயிலானால் துவாரம் 11; நிழலே விழாத மேகமூட்டமானால் 8; கருமேகமானாலும், கட்டட நிழலானாலும் 5.6. எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும் என்பதை மறவாதீர்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒளி இரட்டிக்கிறது. துவாரத்தை ஒரு படி சுருக்கினால் வேகத்தை ஒரு படி குறைத்து ஈடுசெய்துகொள்ளலாம். இடப்பத்தியில் கழித்ததை வலப்பத்தியில் கூட்டும் கணக்கு இது. குமாஸ்தாவுக்கு மிகவும் பிடித்த கணக்கு!

மூன்றாவது, தெளிவு காணுதல். மேல்மூடியைத் திறந்தால் தேய்த்த கண்ணாடி தெரியும். உள்ளே மடித்து வைத்த சிறு பூதக்கண்ணாடியை நிமிர்த்தி, கண்ணை அருகில் கொணர்ந்து, ஆளின் கண்ணிமை தெளிவாகத் தெரியும் வரை குமிழைத் திருப்பவேண்டும். இங்கே புதியவர்கள் தடுமாறுவதுண்டு. உருவம் நிமிர்ந்தே இருக்கும். ஆனால் இடம் வலமாக மாறியிருக்கும், சலூன் கண்ணாடியில் காண்பது போல. ஓர் ஆள் வலப்பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் காமிராவை இடப்பக்கம் திருப்பவேண்டும். அரைமணி நேரம் பிலிம் இல்லாமல் வாசலில் நின்று போவோர் வருவோரைப் பார்த்துப் பழகினால் கை தானே கற்றுக்கொள்ளும். மிக அருகில் ஒரு குழந்தையின் முகத்தை எடுக்கும்போது மட்டும் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். கண் மேல் லென்ஸில், பிலிம் கீழ் லென்ஸில். ஆதலால் நாம் காண்பதைவிடச் சற்றுத் தாழ்ந்த காட்சியே படத்தில் விழும். உச்சந்தலை வெட்டுப்படாமல் இருக்க, மேலே கொஞ்சம் இடம் விடவேண்டும்.

நான்காவது, ஷட்டரை ஏற்றி அழுத்துதல். லென்ஸின் அருகில் உள்ள சிறு நெம்பைத் தள்ளினால் ஷட்டரின் வில் முறுக்கேறும். 500இல் ஒரு பங்கு வேகம் வேண்டுமாயின், நெம்பைத் தள்ளுவதற்கு முன்பே அதனை வைத்துவிடவேண்டும். தள்ளிய பின் அந்த வேகத்துக்கு மாற்றினால் இயந்திரம் பழுதாகும். பிறகு மூச்சை மெல்ல விட்டு, கழுத்து வார் இறுகும்படி காமிராவைச் சற்றே கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து, பொத்தானை வெடுக்கென்று தட்டாமல் அழுத்தவேண்டும். ‘டிக்’ என்ற சிறு ஒலிதான் கேட்கும். கையில் பிடித்து எடுப்பதானால் 125இல் ஒரு பங்குக்குக் கீழே போகாதிருப்பது நலம். போகவேண்டுமாயின் முக்காலி வேண்டும்.

ஐந்தாவது, எடுத்தவுடனே பிலிமைத் தள்ளுதல். குமிழின் நடுவில் உள்ள பொத்தானை அழுத்தி விட்டுவிட்டு, நிற்கும் வரை சுற்றினால் அடுத்த எண் வரும். இந்த வகைக் காமிராவில் பிலிமைத் தள்ளாமலே ஷட்டரை மறுபடியும் ஏற்ற முடியும். ஏற்றி அழுத்தினால் ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் விழும். ரயில்வேக்காரருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை வழங்கிய காலத்தில், டோக்கன் கையில் வாராமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்கமாட்டார். ஒரு பிரிவில் ஒரே வண்டி. இங்கே நமக்கு டோக்கன் கொடுப்பார் இல்லை. நம் பழக்கமே டோக்கன். எடுத்தோம், தள்ளினோம், எழுதினோம் என்ற மூன்றும் ஒரே செயலாகிவிடவேண்டும்.

குழுப்படத்திற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. நம் காமிராவின் லென்ஸ் 80 மில்லிமீட்டர். படச் சதுரம் 56 மில்லிமீட்டர். ஆகவே 7 மீட்டர் அகலமுள்ள கூட்டத்தை அடக்க 10 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். ஓரத்தில் நிற்போர் வெட்டுப்படாதிருக்க இன்னும் இரண்டடி பின்வாங்குவது புத்திசாலித்தனம். முன் வரிசையும் பின் வரிசையும் ஒருங்கே தெளிவாக விழத் துவாரத்தை 11க்குச் சுருக்கவேண்டும். அப்போது 10 மீட்டரில் தெளிவு வைத்தால், ஐந்தரை மீட்டர் முதல் பின்னாலுள்ள சுவர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அதே லென்ஸை 3.5 வரை முழுதும் திறந்து 2 மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால், தெளிவின் ஆழம் ஒரு சாண் அளவுக்கும் குறைவு. தனி முகத்திற்கு அது அழகு, குழுவுக்கு ஆகாது. முகத்தில் நேர் வெயில் பட்டால் அனைவரும் கண்ணைச் சுளிப்பார்கள். ஆதலால் மன்றத்தின் கட்டட நிழலில் நிறுத்தி, 400 வேகப் பிலிமில், துவாரம் 11, வேகம் 125இல் ஒரு பங்கு என்று முக்காலியில் வைத்து எடுப்பதே நம் வழக்கம். கண் சிமிட்டுவோர் எப்போதும் இருப்பர். ஆகவே குழுப்படத்திற்கு மட்டும் மூன்று படங்களை ஒதுக்கவேண்டும்.

பன்னிரண்டும் முடிந்தபின் குமிழைத் தொடர்ந்து சுற்றினால் காகிதம் முழுவதும் மேல் கட்டைக்குப் போய்விடும். திருப்பிச் சுற்றும் வேலை இதில் இல்லை. நிழலில் திறந்து, சுருளை இறுகப் பிடித்து, பசைத்தாளை நனைத்து ஒட்டிவிடவேண்டும். கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவலாம். இருட்டுப் பையில் கை நுழைத்துச் சுருளை டப்பாவில் ஏற்றியபின், மற்ற வேலை எல்லாம் வெளிச்சத்தில்தான். இல்போர்டு ஐடி 11 என்னும் டெவலப்பரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால், 20 டிகிரி சூட்டில் எச்.பி. 5 பிலிமுக்கு ஏழரை நிமிடம். பிறகு தண்ணீர், ஹைப்போ, மறுபடி நீண்ட நேரம் தண்ணீர். தை மாதத்தில் இவ்வூர்க் குழாய்த் தண்ணீரே ஏறக்குறைய அந்தச் சூட்டில் இருக்கும். சித்திரையில் ஐஸ் கட்டி வேண்டும். இம்மருந்துகள் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

வங்காளத்து மழைக்காலம் காமிராவுக்குப் பகை. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லென்ஸில் பூஞ்சணம் பூக்கும். ஆதலால் காமிராவை உறையிலிருந்து எடுத்து, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பாவில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை எடுத்து, எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்கிப் பார்க்கவேண்டும். சும்மா கிடந்தால் உள்ளே மசகு உறைந்து, ஒரு விநாடி என்பது மூன்று விநாடியாக இழுக்கும்.

கடைசியாக, பதிவேடு. நான் குமாஸ்தா, பதிவேடு இல்லாத வேலை எனக்கு வேலையாகத் தோன்றாது. சுருள் எண், பட எண், தேதி, இடம், துவாரம், வேகம், இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரிசையிலும் நின்றோர் பெயர் என்று பத்தி பிரித்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஆயிரம் படம் எடுப்பவன் எழுதமாட்டான், எழுதவும் முடியாது. பன்னிரண்டு எடுப்பவன் எழுதலாம். இந்தப் பழைய பெட்டியின் பெரும் பயன் அதன் லென்ஸில் மட்டும் இல்லை. பன்னிரண்டு என்ற அதன் எல்லையிலும் இருக்கிறது என்பது என் துணிபு. பெயர் எழுதாத படம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் யாரோ சிலர் நிற்கும் படம். பெயர் எழுதிய படமே நம் குடும்பம்.

1973இல் நான்கு வரிசையில் 61 பேர் நின்ற இடத்தில், சென்ற ஆண்டு இரண்டு வரிசையில் 34 பேர் நின்றோம். பழைய குவார்ட்டர்ஸ்கள் இடிக்கப்படுகின்றன. ஓய்வு பெற்றோர் ஊர் திரும்புகின்றனர். பிள்ளைகள் பெங்களூருக்கும் புனேவுக்கும் போகின்றனர். இதைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் இங்கே இருந்தோம் என்பதற்குச் சான்று வைத்துவிட்டுப் போக இயலும்.

ஆகவே சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் ஒரு சுருள் எடுக்கப்பெறவேண்டும். மூன்று படங்கள் குழுவுக்கு. மீதி ஒன்பதும் அவ்வாண்டு ஓய்வு பெறுவோர்க்கும் மாற்றலாகிப் போவோர்க்கும் காலனியின் மூத்தோர்க்கும். இரண்டு: அந்த நெகட்டிவ்களும் பதிவேடும் செயலாளரின் பொறுப்பில் அலமாரியில் இருக்கவேண்டும், செயலாளர் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இவையும் கையெழுத்திட்டு ஒப்படைக்கப்பெறவேண்டும். மூன்று: ஆணாயினும் பெண்ணாயினும் ஐந்து இளைஞர்கள் வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் காலையில் மன்றத்திற்கு வரவேண்டும். ஆங்கிலம் வேண்டாம், விஞ்ஞானப் பட்டம் வேண்டாம். வரிசை தவறாமல் ஒரு வேலையைச் செய்யும் பொறுமை போதும். செலவைப் பற்றிப் பொருளாளர் அஞ்சவேண்டாம். ஒரு சுருளுக்கும் அதைக் கழுவும் மருந்துக்கும் ஆவது, இன்று நாம் அருந்திய காப்பிக்கு ஆனதைவிடக் குறைவு.

இன்று எடுக்கும் படத்தில் இருக்கும் குழந்தை ஒன்றின் பேரன், 2080இல் எந்த ஊரிலிருந்தோ இங்கு வந்து, “என் பாட்டனாரின் முகம் உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்கக்கூடும். அப்போது பொறுப்பில் இருப்பவர், “மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது” என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும்படி நாம் செய்துவைப்போமாக.

 கூட்டம் முடிந்ததும் அனைவரும் மன்றத்தின் நிழற்பக்கம் வந்து வரிசையாக நிற்குமாறு வேண்டுகிறேன். பிலிம் ஏற்றியாயிற்று, எண் 1இல் நிற்கிறது.